கோடைக்கால விளக்குநர் வேலை: காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்ததும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் என்னைத் தேடி வருவார்கள். "அக்கா, விடுமுறையில் தஞ்சைப் பெரிய கோயிலில் நீங்கள் செய்கிற வேலையை நாங்களும் செய்யலாமா?" என்று கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் திருவையாற்றுக்காரி. ஆண்டில் பத்து மாதம் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், கல்லணை ஆகிய இடங்களுக்கு வருகிறவர்களோடு நடந்து, அவர்கள் பார்ப்பதை விளக்கிச் சொல்கிறேன். இது எனக்குப் பதினொன்றாவது கோடை.

விளக்குநர் என்றால் யார்? மொழிபெயர்ப்பாளரா, கைடா?

இரண்டிலும் கொஞ்சம் உண்டு. வேறு மொழி பேசுகிறவர் வந்தால் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். வழி தெரியாதவருக்கு வழி காட்ட வேண்டியிருக்கும். ஆனால் வேலையின் உயிர் அவற்றில் இல்லை. கல்லும் செம்பும் ஆறும் ஒரு மொழியில் பேசிக்கொண்டிருக்கின்றன. அதை வந்தவரின் மொழிக்கு மாற்றிக் கொடுப்பதுதான் விளக்குநரின் வேலை.

அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் துறை 1916இல் தொடங்கப்பட்டது. அங்கே கோடைதான் கூட்டம் அலைமோதும் பருவம் என்பதால், அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் விளக்குநர்களைக் கூடுதலாக வேலைக்கு எடுப்பார்கள். அந்தத் தொழிலுக்கு ஃபிரீமன் டில்டன் என்பவர் 1957இல் ஆறு நெறிகளை வகுத்தார். வெறும் தகவல் விளக்கம் ஆகாது என்பது அவற்றில் ஒன்று. பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குச் சொல்வது பெரியவர்களுக்குச் சொல்வதன் சுருக்கமாக இருக்கக் கூடாது, அதற்குத் தனி முறை வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் நம் ஊர்க் கோயில் வாசலில் ஒவ்வொரு நாளும் உண்மையென்று பார்க்கிறேன்.

கோடையில் யார் வருகிறார்கள்? வெளிநாட்டவர் வருவது குளிர்காலத்தில் அல்லவா?

ஆமாம், அவர்கள் வருவது மார்கழி, தை மாதங்களில். மூத்த வழிகாட்டிகள் பலருக்கு அதுதான் சம்பாதிக்கும் காலம். வெயில் ஏறியதும் அவர்களில் சிலர் ஓய்வெடுத்துக்கொள்வார்கள்.

கோடையில் வருகிறவர்கள் நம் மக்கள். பள்ளி விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்த பிள்ளைகள், மன்னார்குடியிலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் வேன் எடுத்துக்கொண்டு வரும் குடும்பங்கள், முகூர்த்தத்துக்கு வந்து அப்படியே கோயிலையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், நவக்கிரகத் தலங்களைச் சுற்றிக்கொண்டிருக்கும் வெளிமாவட்டத்தார். பிறந்ததிலிருந்து இந்தக் கோபுரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களும், ஒருமுறைகூட நிதானமாக உள்ளே நடந்து பார்க்காதவர்களும் அவர்களில் இருப்பார்கள். நந்தியைப் பார்த்து, சாமி கும்பிட்டு, புல்வெளியில் கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு அரை மணியில் கிளம்பிவிடுவார்கள். யாரும் அவர்களுக்கு எதையும் சொல்வதில்லை. காசு கொடுத்துக் கேட்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை என்று நினைத்து யாரும் அருகில் போவதுமில்லை. இந்தக் கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களின் பிள்ளைகளுக்கே இந்தக் கோயிலைச் சொல்ல ஆளில்லாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம். நான் கோடையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. தொடக்கத்தில் நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் மே மாதச் சம்பளம் கிடையாது.

அனுமதி அட்டை வேண்டுமா?

வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் தொழிலாக வழிகாட்டுவதற்கு அரசு அங்கீகாரம் தேவை. மத்தியச் சுற்றுலா அமைச்சகமும் மாநிலச் சுற்றுலாத் துறையும் பயிற்சி கொடுத்து அடையாள அட்டை வழங்குகின்றன. அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். அட்டை கிடைக்கும் வரை, அட்டை வைத்திருக்கும் மூத்தவர் ஒருவருக்கு உதவியாக நில்லுங்கள். நான் முதல் இரண்டு கோடைகளை அப்படித்தான் கழித்தேன். பிள்ளைகளை மேய்ப்பது, தண்ணீர் பாட்டில் தூக்குவது, பின்தங்கிய பாட்டியின் கையைப் பிடித்து அழைத்து வருவது என்றே போன இரண்டு கோடைகள் அவை. பின்வரிசையில் நிற்பவர்களுக்கு என்ன கேட்கிறது, என்ன கேட்பதில்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

வரலாற்றில் பட்டம் வேண்டுமா? என்ன படிக்க வேண்டும்?

பட்டம் இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் கற்றுக்கொள்ளலாம். 1981இல் தொடங்கப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கென்றே துறை இருக்கிறது. கல்வெட்டு வாசிக்கப் பழகுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ட, ப, ய போன்ற சில எழுத்துகள் இன்றைய வடிவத்தை ஒட்டியே இருக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒரு கோடைக்குள் ஓரிரு வரிகளையாவது தடுமாறாமல் வாசிக்கும் நிலைக்கு வந்துவிடலாம்.

நான் முதலில் வாசித்தது ராஜராஜனின் புகழ்பெற்ற வரியை. தான் எடுப்பித்த கற்றளிக்கு, அதாவது கற்கோயிலுக்கு, "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்று அவன் சொன்னதாக அது பதிவு செய்கிறது. அக்காள் குந்தவையை மனைவியருக்கு முன்னால் வைத்தான். பெயர் தெரியாத மற்றவர்கள் கொடுத்ததையும் அதே மூச்சில் சேர்த்தான். இந்த வரியைக் கல்லில் விரல் தொடாமல் காற்றிலேயே தடவிக் காட்டி வாசிப்பேன். கேட்டுக்கொண்டிருந்த அம்மாக்கள் சட்டென்று நெருங்கி வருவார்கள்.

நிழல் விழாது, எண்பது டன் ஒற்றைக்கல் என்றெல்லாம் சொல்கிறார்களே. அவற்றைச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். நான் இதில் கடுமையாகவே இருக்கிறேன்.

என் முதல் கோடையில் நானும் சொன்னேன். காலை எட்டு மணி இருக்கும். கருவறைக்கு மேல் எழும் விமானத்துக்கு மேற்கே, வெயில் படாத இடமாகப் பார்த்து ஒரு குடும்பத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, "இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று பெருமையாகச் சொன்னேன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "அக்கா, அப்படியென்றால் நாம் நிற்பது எதன் நிழலில்?" என்று கேட்டாள். கோயில் கிழக்கு பார்த்தது. காலையில் விமானத்தின் நிழல் மேற்கே நீண்டு விழும். அதில் நின்றுகொண்டுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் கேள்வியையே பாடமாக்கிக்கொண்டேன். காலையில் வருகிறவர்களை அதே இடத்தில் நிறுத்தி, "நிழல் விழாது என்று யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்பேன். பாதிப் பேர் கை தூக்குவார்கள். பிறகு குனிந்து பார்க்கச் சொல்வேன்.

உண்மை இந்தக் கதையைவிட அழகானது. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்குப் பதினொரு பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வடக்கே இருக்கிறது. அதனால் ஏப்ரல் 18ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் பன்னிரண்டேகால் அளவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நிற்கும் எந்தப் பொருளின் நிழலும் அப்போது அதன் காலடியிலேயே அடங்கிவிடும். கோபுரத்துக்கு மட்டுமல்ல, குழந்தையின் கையில் இருக்கும் பென்சிலுக்கும் அப்படித்தான். அதன் பிறகு ஆகஸ்ட் இறுதிவாக்கில் மீண்டும் நேர் உச்சிக்கு வரும் வரை சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் நண்பகல் நிழல் தெற்கே விழும். சித்திரையில் வருகிற பிள்ளைகளிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போயும் செய்து பார்ப்பார்கள்.

உச்சியில் இருக்கும் சிகரக் கல் எண்பது டன் எடையுள்ள ஒரே கல், அதை நெடுந்தொலைவு சாரம் கட்டி ஏற்றினார்கள் என்பதும் அப்படித்தான். அது பல துண்டுகளைச் செதுக்கிப் பொருத்திய அமைப்பு என்று ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 216 அடி உயரத்தில் துண்டுகளை இடைவெளி தெரியாமல் இணைத்த தச்சனின் திறமை ஒற்றைக்கல்லைத் தூக்கிய வலிமைக்கு எந்த விதத்தில் குறைந்தது? அந்தப் பெருந்தச்சனின் பெயரே நமக்குக் கிடைத்திருக்கிறது: குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். பொய்க் கதையில் இந்தப் பெயருக்கு இடமே இல்லாமல் போகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பெரிய நந்தி வளர்ந்துகொண்டே போனது, ஆணி அடித்து நிறுத்தினார்கள் என்று தாத்தாமார்கள் சொல்வார்கள். அவர்களை மறுத்துப் பேச வேண்டாம். "உங்கள் தாத்தா சொன்னதாகக் கதை, கல் சொல்வது இது" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இன்று மண்டபத்தில் இருக்கும் அந்த நந்தி நாயக்கர் காலத்தது.

கல்வெட்டுகளை ஒழுங்காக வாசிப்பதற்கு முன்னால் இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே ஊரில் மறந்துபோயிருந்தது. தலபுராணம் வேறொரு சோழனைச் சொன்னது. 1886இல் கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பட்ட ஹுல்ஷ் இங்குள்ள கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பிறகே ராஜராஜன் தன் கோயிலுக்குத் திரும்பினான். எழுதியதை வாசிக்க ஆளில்லாமல் போனால் எத்தனை பெரிய பேரும் தொலைந்துபோகும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

முதல் பத்து நிமிடத்தில் கேட்பவரை எப்படிப் பிடித்து வைப்பது?

"எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?" என்று கேளுங்கள். இது உபசாரக் கேள்வி அல்ல, வேலையின் தொடக்கமே இதுதான்.

கோயிலில் ஆடவும் பணி செய்யவும் ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் குடியிருப்புப் பெண்களை, கொண்டுவந்து குடியேற்றினான். ஒவ்வொருவர் பெயரும் கல்லில் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தளிச்சேரியில் எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அளப்பது ஆடவல்லான் என்னும் மரக்காலால். திருவாரூரிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். பழையாறையிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். என் திருவையாற்றிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஒருமுறை திருவாரூரிலிருந்து வந்த அம்மா ஒருவர், கால் வலிக்கிறது என்று நந்தி மண்டபத்தருகே உட்கார்ந்துவிட்டார். "உங்கள் ஊரிலிருந்து ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இங்கே குடிவந்த பெண்களின் பெயர் இந்தக் கோயில் கல்லில் எழுதியிருக்கிறது, அம்மா" என்றேன். எழுந்துவிட்டார். "நம் ஊர்ப் பெண்ணா? பேர் என்ன?" என்று கேட்டுக்கொண்டே கூட நடந்தார். பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, "அந்தப் பிள்ளைக்குத் திரும்பிப் போக முடிந்ததா?" என்று கேட்டார். கல்லில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர் கோயிலை வாசித்துவிட்டார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பகுதியைச் சொல்லும்போது கூட்டத்தில் யாராவது கேலியாக ஏதாவது சொல்வார்கள். சிரித்துக் கடந்துவிடாதீர்கள். வீடும் பங்கும் பெயரும் கொடுத்து அரசன் கல்லில் எழுதி வைத்த கலைஞர்கள் இவர்கள் என்று நேராக முகம் பார்த்துச் சொல்லுங்கள். சொன்னால் அடங்கிவிடுவார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

ஆண்டுகளைச் சொல்லாதீர்கள். கைக்கும் கண்ணுக்கும் வேலை கொடுங்கள்.

நான் வழக்கமாகத் தொடங்குவது ஒரு கேள்வியில். "உங்கள் வயலில் மண்வெட்டி போட்டால் கல் தட்டுமா?" வயல் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள்: "தட்டாது. மண்தான், வண்டல்தான்." "அப்படியென்றால் இவ்வளவு கல் எங்கிருந்து வந்தது?" அதற்குப் பிறகு அவர்களே யோசிக்கத் தொடங்குவார்கள். ஆற்றில் மிதக்கவிட்டார்கள் என்பான் ஒருவன். யானை இழுத்தது என்பாள் ஒருத்தி. படுகையில் மலையே கிடையாது; புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறைகளிலிருந்து வந்தவை என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி எடுபடாது. அவர்களுக்கு எழுத்து வேட்டை வைப்பேன். சுவரில் ட எத்தனை, ப எத்தனை என்று தேடச் சொன்னால் ஒரு மணி நேரம் சத்தமே இருக்காது.

கணக்கு பிடிக்கும் பிள்ளை இருந்தால் நந்தாவிளக்குக் கணக்கைக் கொடுங்கள். ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு 96 ஆடுகள். பசு என்றால் 48. "ஏன் ஆடு இரண்டு மடங்கு?" என்று கேட்டால் பால்கார வீட்டுப் பிள்ளைதான் முதலில் பதில் சொல்லும்.

வெயிலை எப்படித் தாங்குவது?

கத்தரி வெயிலில் கோயில் தளத்தில் வெறுங்காலோடு நிற்பது எளிதல்ல. காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை, மாலை நான்கரையிலிருந்து விளக்கு வைக்கும் வரை என்று வகுத்துக்கொள்ளுங்கள். கோயில்களில் நடப்பதற்குக் கயிற்றுப் பாய் விரித்திருப்பார்கள். அதை விட்டு விலகிக் குழந்தைகள் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடித்த காலுறை உதவும்.

சூரியன் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். கேட்பவர் முகத்தில் விழக் கூடாது. கண் கூசுகிறவர் காது கொடுக்க மாட்டார். தொண்டைக்கு ஐஸ் தண்ணீர் ஆகாது, நீர்மோர் நல்லது. வயதானவர்கள் பேசாமல் சோர்ந்து நின்றால் கதை பாதியில் இருந்தாலும் நிறுத்திவிட்டு மண்டபத்துக்குள் அழைத்துப் போங்கள்.

உச்சி வெயிலில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் அரண்மனைக் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளைக் காட்டலாம். சுவாமிமலைக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, உலர்த்தி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றும் முறை அங்கே இன்றும் நடக்கிறது. குறுவைக்கு உரமாகும் அதே வண்டல்தான் நடராசருக்கும் கருவாகிறது என்று சொன்னால் விவசாயி ஒருவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எந்த மொழிகள் தெரிந்திருக்க வேண்டும்?

தமிழ் நன்றாகத் தெரிய வேண்டும். இதைச் சொன்னால் வியப்பாகப் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததைத் தமிழில் பெயர்த்துச் சொல்கிற இளைஞர்களை நிறையப் பார்க்கிறேன். விமானம், அதிட்டானம், திருச்சுற்று, பள்ளிப்படை என்று நம்மிடம் இருக்கும் சொற்களை முதலில் கைக்கொள்ளுங்கள். அப்புறம் ஆங்கிலம், தெலுங்கு, இந்தி எது வந்தாலும் பலன்தான். மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறவர்களைத் திருச்சுற்றில் இருக்கும் மராத்திக் கல்வெட்டுக்கு அழைத்துப் போங்கள். சரபோஜி மன்னர் காலத்தில், 1803இல், போன்சலே வம்ச வரலாற்றைச் சொல்லி வெட்டிய மிக நீண்ட கல்வெட்டு அது. ஊர் விட்டு இத்தனை தூரம் வந்த இடத்தில் தங்கள் மொழியைக் கல்லில் பார்க்கும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். நீங்கள் பேசவே வேண்டியிருக்காது.

தாராசுரத்திலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் எதைக் காட்டுவது?

மூன்று கோயில்களையும் ஒரே நாளில் காட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1987இலும் மற்ற இரண்டும் 2004இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன என்பதால் மூன்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி விற்கிறார்கள். மூன்றும் மூன்று குணம்.

தாராசுரத்தில் குனிந்து பார்க்க வேண்டும். இரண்டாம் ராஜராஜன் எடுத்த அந்தக் கோயிலின் அடிப்பகுதியில் அடியார்களின் கதைகள் சாண் அளவுச் சிற்பங்களாக வரிசையில் போகின்றன. திருவருட்செல்வர் படம் பார்த்த பாட்டிமார்களுக்கு நாயன்மார் கதைகள் தெரியும். விடுபட்டதை அவர்களே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். தட்டினால் ஒலிக்கும் படிகளுக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். கைவிட்டுத் தட்டிக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் எனக்குப் பேச்சே குறைந்துவிடும். கொள்ளிடத்துக்கு வடகரையில், ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்த ஊர். இன்று கோயிலும் புல்லும் மேடும்தான். சிவனடியார் சண்டேசருக்கு இறைவன் தலையில் பூச்சூட்டும் சிற்பத்தின் முன்னால் ஐந்து நிமிடம் யாரையும் பேசவிடாமல் நிறுத்துவேன். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அந்த அணையால் பாசனம் பெறும் ஊர்களிலிருந்து வந்தவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். கோபத்தைத் தூண்டும்படியாக இதைச் சொல்வதில்லை. நடந்ததைச் சொல்வேன், எடைபோடுவது அவர்கள் வேலை.

சாமி கும்பிட வந்தவர்களிடம் வரலாறு பேசலாமா?

அவர்கள் கும்பிட்டு முடிக்கும் வரை காத்திருங்கள். திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர் என்று நவக்கிரகத் தலங்களுக்குப் போகும் வழியில் வருகிறவர்கள் அடுத்த நடை திறக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்குப் பத்து நிமிடம் போதும். ஒரே ஒரு தூணை, ஒரே ஒரு வரியை நன்றாகச் சொல்லுங்கள். எனக்குப் பக்தி உண்டு. இல்லாதவர்களும் இந்த வேலையை நேர்மையாகச் செய்கிறார்கள். கோயில் உயிரோடு இருக்கிறது என்பதை மறக்காதவர் எவரும் செய்யலாம்.

வருமானம் எப்படி?

குளிர்காலம் போல் இருக்காது. குடும்பத்துக்கு இவ்வளவு, வேனுக்கு இவ்வளவு என்று நடப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் இரண்டு பக்கமும் மனக்கசப்புதான். இதை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்த முடியாது.

கடைக்காரர்கள் கமிஷன் தருவதாகக் கூப்பிடுவார்கள். பட்டுக் கடை, தட்டுக் கடை, பொம்மைக் கடை எல்லாவற்றிலிருந்தும் அழைப்பு வரும். நான் வாங்குவதில்லை. காலையில் கல்லைப் பற்றி உண்மை சொன்ன வாயால் மாலையில் விலையைப் பற்றிப் பொய் சொன்னால், காலையில் சொன்னதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். தலையாட்டிப் பொம்மை வேண்டுமென்று கேட்டால் கடை இருக்கும் தெருவைக் காட்டிவிட்டு வெளியே நிற்பேன்.

கோடையில் ஆற்றில் தண்ணீர் இருக்காதே, கல்லணையில் என்ன காட்டுவது?

தண்ணீர் இல்லாதபோதுதான் கல்லணை புரியும். காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத் தீவைச் சுற்றிப் பிரிந்துபோய் மறுபடி நெருங்கும் இடம் இது. காவிரியின் படுகை மேடு, கொள்ளிடத்தின் படுகை பள்ளம். தடுக்காவிட்டால் தண்ணீர் பள்ளத்துக்குச் சரிந்து கடலுக்குப் போய்விடும், தஞ்சைக்கு வராது. மணல் வெளியாகக் கிடக்கும் மே மாதத்தில் இந்த மேடு பள்ளத்தைக் கையால் காட்டிச் சொல்லலாம். வெள்ளம் ஓடும்போது ஆயிரம் சொன்னாலும் விளங்காது.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் மதகுகளும் பாலமும் கரிகாலன் கட்டியவை அல்ல; 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் எழுந்தவை. கரிகாலன் பெயரோடு நிற்கும் பழைய கல் அணை அவற்றுக்கு அடியில் இருக்கிறது. இளகிய மணலில் அடித்தளம் போடும் வித்தையை அந்தப் பழைய கட்டுமானத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டதாக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதியிருக்கிறார்.

சீசன் எப்போது முடியும்?

பள்ளி திறந்ததும் குடும்பங்கள் வருவது நின்றுவிடும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அதைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அன்றே திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரும். 2022இல் மே 24இலேயே திறந்துவிட்டார்கள். 2024இல் ஜூலை இறுதி வரை காத்திருந்தோம். தேதி எதுவானாலும் தண்ணீர் வரும் செய்தி கிடைத்ததும் கூட்டத்தில் வரும் ஆண்களின் பேச்சு நாற்றங்காலுக்கு மாறிவிடும்.

உங்களோடு ஒரு நாள் வந்து பார்க்கலாமா?

வாருங்கள். காலை ஆறேகாலுக்குப் பெரிய கோயிலின் முதல் கோபுரவாசலான கேரளாந்தகன் திருவாயிலில் நில்லுங்கள். தொப்பி, காலுறை, ஒரு லிட்டர் தண்ணீர், சின்ன நோட்டு ஒன்று கொண்டுவாருங்கள். நான் சொல்வதை எழுத வேண்டாம். வருகிறவர்கள் கேட்பதை எழுதுங்கள்.